நாலே நாலு வல்லூறு

புணேயில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்காவது வேதாள் டேக்டி தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி இறங்கிவிட்டு, ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிடலாம். போன டிசம்பரில் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேலே புல்வெளிக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். ஒரு பறவை காற்றில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. சிறகும் வாலும் மட்டும் அசைகின்றன. உடம்பும் தலையும் நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி அப்படியே இருக்கின்றன.

"கெஸ்ட்ரல். வல்லூறு ஜாதியில் சின்னது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும்" என்றேன். (முந்தின வருடம் ஒரு மராத்தி நண்பர் சொல்லித் தந்ததுதான். மகளுக்கு முன்னால் நானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டேன்.)

"எத்தனை இருக்குப்பா?"

"நிறைய இருக்கும்மா."

"யார் எண்ணினாங்க?"

ஆடிட்டர் வீட்டுப் பிள்ளை. வேறு எப்படிக் கேட்கும்? பதில் தெரியாததால், அன்று இறங்கி வரும்போது அவளுக்கு இன்னொரு கெஸ்ட்ரலின் கதையைச் சொன்னேன். அதை மட்டும் யார் எண்ணினார்கள், எந்த வருடம் எண்ணினார்கள், எத்தனை இருந்தது என்பதெல்லாம் தெரியும். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

* * *

என் தொழிலில் இருப்பவர்களுக்கு மொரீஷியஸ் என்றால் முதலில் ஞாபகம் வருவது கடற்கரை இல்லை, வரி ஒப்பந்தம். அப்படி ஒரு வேலையாகத்தான் சில வருடங்களுக்கு முன் பத்து நாள் அங்கே போனேன். மெயின் தீவு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். நம் புணே மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்குகூட வராது.

போன முதல் நாளே பாக்கெட்டில் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து! 1998ல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். அங்கேயிருக்கும் தமிழர்கள் எதிர்த்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தது. தீவில் தமிழர்கள் சிறுபான்மைதான். ஆனால் 1730களில் பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொனே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் அழைத்துப்போன காலத்திலிருந்து இருக்கிறார்கள். போர்ட் லூயி நகரத்தை எழுப்பிய கைகளில் அவர்கள் கைகளும் உண்டு.

அதற்கு நூறு வருடம் கழித்து, 1834க்குப் பிறகு, ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். 1900களின் தொடக்கம் வரை சுமார் நாலரை லட்சம் பேர். கல்கத்தா வழியாகப் போஜ்புரிக்காரர்கள்தான் அதிகம். சென்னை வழியாகத் தமிழரும் தெலுங்கரும், பம்பாய் வழியாக மராத்திக்காரர்களும் போனார்கள். எல்லோரையும் கொண்டுபோனது ஒரே பயிர். கரும்பு.

கரும்புக்கு நிலம் வேண்டும். நிலம் வேண்டுமென்றால் காடு போக வேண்டும். டச்சுக்காரர்கள் 1598ல் இறங்கியபோது தீவு முழுக்க மரம். அவர்கள் கருங்காலியை வெட்டினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் வெட்டினார்கள், 1810ல் வந்த பிரிட்டிஷ்காரர்கள் மலையடிவாரம் வரை கரும்பாக்கினார்கள். வெட்டச் சொன்னவர்கள் ஒரு பக்கம், வெட்டிய கைகள் இன்னொரு பக்கம். அந்தக் கைகளில் நம் ஊர்க் கைகளும் இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்றைக்கு நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பழைய காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

டோடோ பறவை கதை எல்லோருக்கும் தெரியும். 1662க்குப் பிறகு அதைப் பார்த்ததாக நம்பத்தக்க குறிப்பு இல்லை. நான் சொல்லவந்தது, டோடோ போன வழியிலேயே போகவேண்டியிருந்து, வாசலில் காலை வைத்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு பறவையைப் பற்றி.

* * *

மொரீஷியஸ் கெஸ்ட்ரல் புறாவைவிடச் சின்னது. முதுகு செம்பழுப்பு, வயிறு வெள்ளை, வயிறெல்லாம் கறுப்புப் புள்ளி. உலகத்தில் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. வேதாள் டேக்டியில் நாங்கள் பார்த்த உறவுக்காரன் மாதிரி இது வெட்டவெளியில் காற்றில் நிற்பதில்லை. காட்டுக்குள் வாழப் பழகிய பறவை. சிறகு குட்டையாகவும் வட்டமாகவும் இருக்கும். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பறந்து, பச்சைப் பல்லிகளைப் பிடித்துத் தின்னும். அந்தத் தீவுக்கே உரிய பல்லிகள் அவை.

அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் "கோழி தின்னி". பல்லி தின்கிற பறவைக்கு இப்படி ஒரு பெயர். பெயர் கெட்டுப்போனால் துப்பாக்கிக்கு வேறு காரணம் வேண்டாம்.

காடு குறைந்ததும் பறவை குறைந்தது. கூடவே மனிதன் கொண்டுவந்து சேர்த்த விருந்தாளிகள். கப்பலில் வந்த எலி, பூனை, குரங்கு. எலியைப் பிடிக்க 1900ல் கொண்டுவந்துவிட்ட கீரி. இந்தப் பறவை மரப்பொந்தில் முட்டையிடும். குரங்குக்கும் எலிக்கும் மரப்பொந்து கைக்கெட்டும் அலமாரி. குஞ்சு பறக்கப் பழகித் தரையில் உட்கார்ந்தால் கீரி.

இதற்குமேல் விழுந்த அடிதான் டிடிடி. இங்கே யாரையும் வில்லனாக்க எனக்கு மனமில்லை. 1860களின் பிற்பாதியில் மொரீஷியஸில் மலேரியா வந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் கூலி லயன்களில் இருந்த ஏழைகள். 1940களின் கடைசியில் வீடு வீடாக டிடிடி அடித்தார்கள், மலேரியா ஒடுங்கியது, சாவு விகிதம் சட்டென்று இறங்கியது. நம் ஆட்களின் குழந்தைகள் பிழைத்தார்கள். அது நல்ல காரியம்தான்.

ஆனால் அந்த மருந்தும், வயலில் அடித்த அதன் உறவுகளும் பூச்சியோடு நிற்கவில்லை. பூச்சியிலிருந்து பல்லிக்கும் பல்லியிலிருந்து வல்லூறுக்கும் போய்ச் சேர்ந்தன. வல்லூறு வகைகளின் உடம்பில் டிடிடி சேர்ந்தால் முட்டை ஓடு மெலிந்துவிடும், அடைகாக்க உட்கார்ந்தால் தாயின் கனத்திலேயே நொறுங்கும். பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பைரி என்கிற பெரிய வல்லூறின் பழைய முட்டைகளையும் புதிய முட்டைகளையும் ஒப்பிட்டு 1967ல் இதைக் காட்டினார். மொரீஷியஸிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும், காடழிவு ஒன்றை மட்டும் வைத்து அந்த வேகமான சரிவை விளக்க முடியவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

* * *

1973ல் ஸ்டான்லி டெம்பிள் என்ற இளம் அமெரிக்க விஞ்ஞானி அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மிஞ்சியிருக்கும் கெஸ்ட்ரல்களைத் தேடி எண்ணுவது, முடிந்தால் கூண்டில் வளர்த்துப் பெருக்குவது.

1974ல் எண்ணி முடித்தபோது காட்டில் நாலு. கூண்டில் இரண்டு. உலகம் முழுவதற்கும் ஆறு.

எங்கள் தொழிலில் கையிருப்புச் சரக்கை நேரில் போய் எண்ணுவது ஒரு கட்டாயம். புத்தகத்தில் எழுதியிருப்பது ஒன்று, கிடங்கில் இருப்பது வேறொன்று என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு உயிரினத்தின் மொத்த இருப்பையும் ஒரு கையின் விரலால் எண்ணி எழுதியவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த வருடம் ஒரு சின்ன நல்லது நடந்தது. ஒரு ஜோடி வழக்கமான மரப்பொந்தை விட்டுவிட்டு, செங்குத்தான பாறையில் ஒரு குழியில் முட்டையிட்டது. குரங்கு ஏற முடியாத இடம். குஞ்சுகள் பிழைத்துப் பறந்தன. பாறையில் பிறந்த குஞ்சுகள் பெரிதாகி, தாங்களும் பாறையையே தேடின. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்த புத்தி.

ஆனால் கூண்டில் வளர்க்கும் முயற்சி தோற்றுக்கொண்டே இருந்தது. பணம் போனது, வருடங்கள் போயின, காட்டில் எண்ணிக்கை நகரவில்லை.

1979ல் நார்மன் மையர்ஸ் என்ற சுற்றுச்சூழல் அறிஞர் உயிரினங்களின் அழிவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் மொரீஷியஸ் கெஸ்ட்ரலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். காப்பாற்ற முடியாத இதைக் கைவிட்டுவிட்டு, அந்தப் பணத்தைப் பிழைக்க வாய்ப்புள்ள நூற்றுக்கணக்கான மற்ற பறவைகளுக்குச் செலவழிக்கலாமே என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கள் பாஷையில் சொன்னால் வாராக்கடன். எழுதித் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்.

இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், நான் அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன். கைப்பணம் கொஞ்சம், ஆபத்தில் இருப்பவை ஏராளம். எதில் போட்டால் அதிகம் பிழைக்கும் என்று கேட்பது கல்நெஞ்சம் இல்லை. அந்தக் கேள்வியையே கேட்டுக் கேட்டுத்தான் அவர் பின்னால் 1988ல், உலகத்தில் எந்தெந்த இடங்களை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கினார். விரிவுபடுத்திய அந்தப் பட்டியலில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் வந்தது. இன்றைக்கு அந்த மலைக்காக வாதாடுகிற ஒவ்வொருவரும் அவர் கொடுத்த ஆயுதத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

ஆக, அவர் கணக்கு போட்டதில் தப்பில்லை. நாலு என்ற எண்ணைக் கடைசி எண்ணாக எடுத்துக்கொண்டதில்தான் தப்பு.

* * *

அதே 1979ல் கார்ல் ஜோன்ஸ் மொரீஷியஸில் வந்து இறங்கினார். வேல்ஸ் நாட்டுக்காரர், வயது 24 அல்லது 25, சின்ன வயதிலிருந்து அடிபட்ட பறவைகளைக் கொல்லைப்புறத்தில் வைத்து வளர்த்தவர். சர்வதேச பறவைகள் பாதுகாப்புக் கவுன்சில் (இன்றைய பேர்ட்லைஃப்) அவரை அனுப்பியது திட்டத்தை நடத்த அல்ல, மூட. மிச்சத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடு என்று உத்தரவு.

அவர் மூடவில்லை. ஜெரால்டு டரலின் ஜெர்சி அறக்கட்டளை துணைக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து பெரெக்ரின் ஃபண்ட் அமைப்பும் வந்தது. இந்த அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பைரி வல்லூறு டிடிடியால் அடியோடு இல்லாமல் போனபோது, டாம் கேட் என்ற பேராசிரியர் 1970ல் தொடங்கியது அது. அவர் வல்லூறு பழக்கி வேட்டையாடும் பழைய கலையைக் கற்றவர். மன்னர்களின் பொழுதுபோக்காக இருந்த அந்தக் கைப்பக்குவத்தை வைத்துத்தான் பைரியைக் கூண்டில் பெருக்கி வெளியே விட்டார்கள். 1999ல் அது அமெரிக்காவின் அபாயப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அந்த வித்தை மொரீஷியஸுக்கும் வந்து சேர்ந்தது.

ஜோன்ஸ் செய்தது எங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்த விஷயம். மேலூரில் அப்பத்தா கோழி வளர்த்தார். முட்டையை எடுத்துக்கொண்டே இருந்தால் கோழி இட்டுக்கொண்டே இருக்கும், விட்டுவிட்டால் அடையில் உட்கார்ந்துவிடும். கெஸ்ட்ரலும் அப்படித்தான். வழக்கமாக மூன்று முட்டை போடும். அதை எடுத்துவிட்டால் சில நாளில் இன்னொரு ஈடு போடும். முதல் ஈட்டை எடுத்து இன்குபேட்டரில் வைப்பது, இரண்டாவது ஈட்டைத் தாயிடமே விடுவது. ஒரே பருவத்தில் இரண்டு மடங்கு குஞ்சு.

சொல்வது சுலபம். கூடு இருப்பது செங்குத்துப் பாறையில். கயிற்றில் தொங்கி இறங்க வேண்டும். கையில் இருக்கும் முட்டை நழுவினால் உலகத்தில் ஒரு இனத்தின் பெரும்பங்கு உடைந்துபோகும். அப்படிப்பட்ட கை நடுக்கத்தோடுதான் 1980களின் ஆரம்பத்தில் முட்டைகளை எடுத்திருக்கிறார்கள்.

காட்டில் இருந்த ஜோடிகளுக்கு வெள்ளை எலிகளைக் கூடுதல் தீனியாகக் கொடுத்தார்கள். குரங்கு நுழைய முடியாத மரப்பெட்டிக் கூடுகளைப் பாறையிலும் மரத்திலும் மாட்டினார்கள். கூண்டில் பொரித்த குஞ்சுகளைச் சிலசமயம் காட்டுக் கூட்டிலேயே வைத்து வேறு தாயிடம் வளரவிட்டார்கள். மற்றவற்றைக் காட்டில் ஒரு பெட்டியில் வைத்து, தானாக இரை பிடிக்கப் பழகும் வரை தீனி போட்டார்கள். 1987லிருந்து கிழக்கே பாம்பூ மலைகளில், கெஸ்ட்ரல் அற்றுப்போயிருந்த இடத்தில், மறுபடி கொண்டுபோய் விட்டார்கள்.

1993–94 பருவத்தின் முடிவில் கணக்குப் பார்த்தபோது மொத்தம் விட்டது 331 பறவை. காட்டில் கூடு கட்டிக் குடியிருந்தவை 56 முதல் 68 ஜோடி. அந்த வருடக் குஞ்சுகளையும் தனியாகத் திரிபவற்றையும் சேர்த்தால் 222 முதல் 286 வரை.

1974ல் நாலு. 1994ல் இருநூற்றுச் சொச்சம். தீவிர வேலையை அதோடு நிறுத்திவிட்டு, கையையும் பணத்தையும் மற்ற பறவைகளுக்குத் திருப்பினார்கள். பிங்க் புறாவும், எக்கோ கிளியும் அடுத்து பிழைத்தது அந்தக் கையாலும்தான். இனி கெஸ்ட்ரல் தானாக நடக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் குழந்தைகளுக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் சில பேர் எண்ணுவதை நிறுத்தவில்லை. பாம்பூ மலைகளில் 1987லிருந்து ஒவ்வொரு பருவமும், ஏறக்குறைய ஒவ்வொரு பறவையின் காலிலும் வண்ண வளையம் மாட்டி, யார் யாருக்குப் பிறந்தது, எந்தக் கூட்டில், எப்போது முட்டையிட்டது, எப்போது காணாமல் போனது என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து பராமரித்த பேரேடு இது. பேரேடு என்ற வார்த்தையைத் தெரிந்துதான் போடுகிறேன். ஒவ்வொரு பறவைக்கும் அதில் ஒரு பக்கம்.

அந்தப் பேரேட்டிலிருந்து வந்த சேதிகள் சில.

ஒன்று: மலை நிரம்ப நிரம்ப, இளம் பறவைகள் பிழைப்பது குறைந்தது. 2003ல் மால்கம் நிக்கோல் முதலானோர் இதைக் காட்டினார்கள். மிச்சமிருக்கும் காடு இவ்வளவுதான், அதற்குமேல் இடமில்லை.

இரண்டு: தீபா சேனாபதி முதலானோர் 2011ல் எழுதியது. முட்டையிடும் பருவத்தின் தொடக்கத்தில் மழை நாட்கள் கூடிவிட்டதால் பறவைகள் தாமதமாக முட்டையிடுகின்றன. தாமதமானால் குஞ்சு வளரும் நேரம், பிற்பாடு வரும் கனமழைக் காலத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. பிழைப்பது குறைகிறது.

மூன்றாவதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2014ல் சமந்தா கார்ட்ரைட் முதலானோர் எழுதியது. விவசாயத்தால் மாறிப்போன இடத்தில் பிறந்த பெண் பறவைகள், வாழ்க்கையின் ஆரம்பத்திலேயே அவசரமாக நிறைய குஞ்சு பொரிக்கின்றன, பின்னால் சோர்ந்துவிடுகின்றன. இளம் வயதிலேயே சாவதும் அவற்றில் அதிகம். பிறந்த இடம் வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறது. ஊரை விட்டு வந்து இருபது வருடமாகியும் பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் பழக்கம் போகாத எனக்கு, இதை நம்ப விஞ்ஞானி தேவைப்படவில்லை.

இவற்றோடு இன்னொன்று. 2000ல் ஜிம் குரூம்பிரிட்ஜும் கூட இருந்தவர்களும், பழைய காலத்தில் சுட்டுப் பாடம் செய்து மியூசியங்களில் வைத்திருந்த கெஸ்ட்ரல்களின் மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் இந்த இனத்தில் மரபு வேற்றுமை தாராளமாக இருந்திருக்கிறது. இன்றைக்கு இருப்பவையோ 1974ன் ஒற்றைக் காட்டு ஜோடியின் வாரிசுகள். தொலைந்த வகைகள் மியூசியத் தோலில் மட்டும் இருக்கின்றன. எண்ணிக்கையைத் திரும்பக் கொண்டுவரலாம், இதைக் கொண்டுவர முடியாது.

2000களின் தொடக்கத்தில் தீவு முழுக்க ஐந்நூறைத் தாண்டிவிட்டது என்றுகூட மதிப்பீடுகள் வந்தன. சந்தோஷமான எண். ஆனால் மதிப்பீடு வேறு, எண்ணிக்கை வேறு. மேற்கிலும் கிழக்கிலும் இருக்கும் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கரும்பும் ஊர்களும் இருக்கின்றன. காட்டுக்குள் வாழும் இந்தப் பறவைகள் அதைத் தாண்டி அதிகம் கலப்பதில்லை. 2014ல் சர்வதேச சிவப்புப் பட்டியலில் மொரீஷியஸ் கெஸ்ட்ரலை மறுபடி ஒரு படி மேலே, அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற வகைக்கு ஏற்றினார்கள். குஞ்சு பொரிக்கும் வயதில் இருப்பவை இருநூறுக்குள்தான் இருக்கும் என்பது அந்த மதிப்பீடு.

நாலிலிருந்து காப்பாற்றியது பொய்யில்லை. 2016ல் கார்ல் ஜோன்ஸுக்கு இண்டியானாபொலிஸ் பரிசு கிடைத்தது, தகுதியான பரிசு. 2022ல் மொரீஷியஸ் அரசு இந்தப் பறவையைத் தேசியப் பறவையாக அறிவித்தது. ஆனால் "காப்பாற்றியாகிவிட்டது" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்களே, அது 1979ல் "காப்பாற்ற முடியாது" என்று மூடப் பார்த்த அதே புத்தகம்தான். இரண்டு தடவையும் ஒரு வருடத்து எண்ணைக் கடைசி எண் என்று நினைத்துவிட்டார்கள்.

* * *

அந்தப் பத்து நாளில் ஒரு ஞாயிறு கிடைத்தது. பாம்பூ மலைப் பக்கம் போனேன். வழிகாட்டியாக வந்தவர் ஒரு பெரியவர். கிரியோலில் பேசினார், நடுநடுவே எனக்காக ஆங்கிலம். ஒரு மணி நேரம் நடந்ததில் ஒரே ஒரு கெஸ்ட்ரல், அரை நிமிடம். கிளையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. காலில் வளையம் தெரிந்தது. பெரியவர் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நிறத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார். "தினமும் எழுதுவீர்களா?" என்று கேட்டேன். "இதைப் பார்க்கிற நாளெல்லாம்" என்றார்.

நம் நாட்டிலேயே இதற்கு எதிர்க்கதை இருக்கிறது. கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், லட்சக்கணக்கில் இருந்தன. அவ்வளவு இருப்பதை யார் எண்ணுவார்கள்? பரத்பூர் கேவலாதேவ் சரணாலயத்தில் விபு பிரகாஷ் 1980களில் எண்ணி வைத்திருந்தார். 1990களில் மறுபடி எண்ணியபோதுதான் சரிந்திருப்பது தெரிந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004ல் தெரியவந்து, 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்வதற்குள், வெண்முதுகுக் கழுகில் ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தப் பழைய நோட்டுப்புத்தகம் இல்லாமல் போயிருந்தால் இன்னும் தாமதமாகத்தான் விழித்திருப்போம்.

மகள் கேட்ட "யார் எண்ணினாங்க?" என்ற கேள்விக்கு இத்தனை நீளப் பதில். அவள் அதற்கும் ஒரு கேள்வி கேட்டாள். "நாம எண்ணலாமா?"

எண்ணலாம். தமிழ்நாட்டில் 2015லிருந்து பொங்கல் சமயத்தில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் எழுதினால் போதும். விஞ்ஞானி ஆக வேண்டாம். காக்கா, மைனா, புறா தெரிந்தால்கூடத் தொடங்கலாம். எப்படியும் பொங்கலுக்கு டிக்கெட் போட்டு ஊருக்குப் போகிறோம். மாடியில் பாட்டியையும் உட்கார வைத்துக்கொண்டு எண்ணுங்கள். நமக்கு வாயில் நுழையாத பறவைப் பெயர்கள் அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பொங்கலுக்கு மேலூரில் நாங்கள் எண்ணினோம். பதினைந்து நிமிடத்தில் பதினொரு வகை. சிட்டுக்குருவி ஏழு. அப்பத்தா இருந்தபோது எத்தனை இருந்தது என்று மகள் கேட்டாள். "நிறைய" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. இனி அவளுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.